சாகாத மீன்

எங்கள் தெருக்களில் யாரும் தண்ணீரை நம்புவதில்லை. மீனைத்தான் நம்புகிறோம். ஒரு வீட்டுக்குப் போனால் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். வாங்கியவர் உடனே குடித்துவிட மாட்டார். "மீன் ஓடுதா?" என்று கேட்பார். "நல்லா ஓடுது, குடிங்க" என்று பதில் வந்த பிறகுதான் டம்ளர் வாய்க்குப் போகும். வெளியூர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் எங்களுக்கெல்லாம் மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தது நான் இல்லை. அந்தப் பழியையும் என் தலையில் கட்டிவிடாதீர்கள், ஏற்கெனவே இருக்கும் சுமை போதும். ஆரம்பித்தவர் மூன்றாவது தெரு டீச்சர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது.

எங்கள் ஊருக்கு மேட்டுப் பக்கம் ஓர் ஆலை இருக்கிறது. தண்ணீர்க் குழாய்களுக்குப் பளபளவென்று முலாம் பூசும் ஆலை. உலகத்தில் பாதிப் பேர் வீட்டுக் குளியலறையில் மின்னுவது எங்கள் ஊர்க் குழாய்தான். எங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் காற்றுதான் வரும், அது வேறு விஷயம். முலாம் பூசி மிஞ்சிய தண்ணீரை ஆலைக்குப் பின்னால் ஒரு குட்டை வெட்டித் தேக்கி வைத்திருந்தார்கள். வெயிலில் காய்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. மூன்று வருடம் மழையே இல்லாததால் கணக்கு சரியாகத்தான் போனது. நாலாவது வருடம் வானம் மூன்று வருட பாக்கியையும் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. முன்பெல்லாம் மழை சொல்லிக்கொண்டு வரும், மாதக்கணக்கில் பெய்யும். இப்போது வந்தால் அடித்துப் போட்டுவிட்டுத்தான் போகிறது. குட்டையின் கரை உடைந்தது. முழங்கால் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் இரண்டு நாள் எங்கள் வாசல்களில் நின்றது. பிறகு எங்கும் ஓடவில்லை. அப்படியே பூமிக்குள் இறங்கிவிட்டது.

அதன் பிறகு ஆழ்துளைக் கிணற்றில் வந்த தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. நிறம் இல்லை, வாடை இல்லை, ருசியில் ஒரு குறை சொல்ல முடியாது. குடித்தவர்களுக்குத்தான் வாய் வெந்தது, வயிறு வலித்தது, கைத் தோல் உரிந்தது. அதிகாரிகள் வந்தார்கள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். பாட்டில் போனது போனதுதான். கேன் தண்ணீர் விற்கிற வண்டி ஒன்று வர ஆரம்பித்தது. அந்த வண்டிக்காரன் அடுத்த தெருக் கிணற்றில்தான் கேனை நிரப்புகிறான் என்பது பத்தே நாளில் அம்பலமானது.

அப்போதுதான் டீச்சர் தன் பிள்ளைகள் வளர்த்த இரண்டு கப்பி மீனைத் தரைத்தொட்டியில் விட்டுப் பார்த்தார். எங்கள் வீடுகளில் வாசலுக்குக் கீழே தரைக்குள் ஒரு தொட்டி இருக்கும். மேலே இரும்பு மூடி. மோட்டார் போட்டால் கிணற்றுத் தண்ணீர் அதில் விழும், அதிலிருந்து மொண்டுகொள்ள வேண்டியதுதான். டீச்சர் விட்ட மீன் ஒரு மணி நேரத்தில் மிதந்தது. அவர் தன் பிள்ளைகளைக் குடிக்கவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி விட்டார், பிழைத்தது. குடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இந்தச் செய்தி தெருத் தெருவாகப் பரவி, ஒரே மாதத்தில் ஊர் மொத்தமும் என் கடை வாசலில் வந்து நின்றது.

என் கடை வண்ண மீன் கடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, நாற்பத்திரண்டு கண்ணாடித் தொட்டி, நாள் முழுக்கக் கொடகொடவென்று காற்றுக் குழாய்ச் சத்தம். தொட்டிகளுக்கு மீனோடு பேரலில் வருகிற வெளியூர்க் குளத்துப் பாசித் தண்ணீர்தான், மனிதர் குடிக்க ஆகாது. அதுவரை ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஊரே என்னை அண்ணே அண்ணே என்றது. தினமும் காலையில் மூடியைத் தூக்கி ஒரு சிட்டிகை தவிடு தூவ வேண்டும். மீன் மேலே வந்து கொத்தினால் அன்றைக்குத் தண்ணீர் மொள்ளலாம். வராவிட்டால் பக்கத்து வீட்டில் குடத்தோடு போய் நிற்க வேண்டும். இந்த விதியைச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பதை மறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் சண்டை ஆரம்பித்தது. மீன் செத்துக்கொண்டே இருந்தது. செத்த மீனை பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்து என் மேசையில் வைப்பார்கள். ஆலை இருக்கும் திசையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் கோபம் என் மேலேதான்.

"என்ன மீன் விக்கிறீங்க நீங்க?" என்று டீச்சர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். "நேத்து வாங்கினது. இன்னைக்குக் காலைல போயிடுச்சு. பிள்ளைங்க தண்ணி குடிக்காம ஸ்கூலுக்குப் போகுதுங்க."

"தண்ணி சரியில்ல டீச்சர். அதனாலதான் சாகுது."

"போன மாசம் சாகலையே? நீங்க நோஞ்சான் மீனைத் தலையில கட்டுறீங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி சொல்வாள். அன்றைக்கு வந்தது. இருபத்தைந்து வருடமாக மீன் வளர்க்கிறவனைப் பார்த்து நோஞ்சான் மீன் விற்கிறாய் என்றால் எப்படி இருக்கும்? யோசித்திருந்தால் அந்தப் பையில் கிடந்த மீன் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் செத்திருக்கிறது என்று புரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. ரோஷம்தான் வந்தது. சாகாத மீனாகத் தருகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

கால்வாய் ஓரத்தில் கடைசி வீடு ஒரு லாரி டிரைவருடையது. ஊரிலேயே அந்த வீட்டுத் தொட்டியில்தான் மீன் அதிகம் செத்தது. இருபது விட்டால் பதினெட்டு மிதக்கும். மிச்சம் இரண்டு ஒன்றுமே நடக்காதது போல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இரண்டையும் கொடுங்கள், பதிலுக்கு நாலு தருகிறேன் என்றேன். டிரைவர் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தார். அவற்றைச் சேர்த்து வைத்தேன். கப்பி முட்டை போடாது, குட்டி போடும், அதுவும் மாதம் தவறாமல். அந்தக் குட்டிகளைக் கடைத் தண்ணீரில் விடவில்லை. டிரைவர் வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவந்த தண்ணீரைக் கால் பங்கு கலந்தேன். அதில் தாங்கியதைப் பாதிப் பங்கில் விட்டேன். அதிலும் தாங்கியதை முழுசாக அந்தத் தண்ணீரிலேயே விட்டேன். செத்ததைக் கொட்டினேன், பிழைத்ததை ஜோடி சேர்த்தேன். வளர்க்கிறவன் செய்கிற வேலைதான் இது. வால் நீளம் வேண்டுமென்றால் நீள வாலைச் சேர்ப்போம், சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பைச் சேர்ப்போம். நான் சாகாததைச் சேர்த்தேன்.

நாலு வருடம் ஆனது. பதினைந்து தலைமுறையாவது போயிருக்கும். மீனின் நிறம் போய் மண்ணு மாதிரி ஆகிவிட்டது. வால் சுருங்கிவிட்டது. அழகென்று பார்த்தால் இலவசமாகக் கொடுத்தாலும் ஒருத்தன் வாங்க மாட்டான். ஆனால் டிரைவர் வீட்டுத் தொட்டியில் இருபது விட்டால் இருபதும் ஓடியது. "கெட்டி மீன்" என்று பலகையில் எழுதி மாட்டினேன்.

ஊரே வாங்கியது. எந்த வீட்டு மூடியைத் திறந்தாலும் மீன் துள்ளியது. தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று ஊர் பேச ஆரம்பித்தது. டீச்சர் கடைக்கு வந்து, "இப்பத்தான் மீன்காரரே, உருப்படியான மீன் விக்கிறீங்க" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார். ஆலைக்காரர்கள்கூட அலுவலக வாசலில் ஒரு தொட்டி கட்டி, என்னிடம் ஐம்பது கெட்டி மீன் வாங்கி விட்டார்கள். சோதனைக்கு வந்த அதிகாரிகளுக்கு அதைத்தான் காட்டினார்களாம். அன்றைக்கு நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்கு ஒரே மகள். இரண்டு தெரு தள்ளி வீடு. மாப்பிள்ளை அதே ஆலையில் ஃபிட்டர். தங்கமான பையன், அதிர்ந்து பேசத் தெரியாது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் மகளுக்கு இரண்டு முறை தங்கி இரண்டு முறையும் கலைந்துவிட்டது. ஒன்று மூன்றாம் மாதம், இன்னொன்று நாலாம் மாதம். உடம்பு பலவீனம் என்றார்கள். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். போன வருடம் மூன்றாவது முறை தங்கியது. நாலாம் மாதம் தாண்டியதும் என் மனைவி முகத்தில் பல வருடம் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மத்தியானம் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். ஆலை உடுப்போடு, சாப்பாட்டு இடைவேளையில், மூச்சு வாங்க வந்தார்.

"மாமா, மலை மேல எங்க அக்கா வீட்ல மாடி போர்ஷன் காலியா இருக்கு. குழந்தை பிறக்கிற வரைக்கும் இவளை அங்க கொண்டுபோய் விடலாம்னு பாக்கிறேன். அங்க மலையிலேர்ந்து வர்ற தண்ணி. நான் வாரம் ஒருக்கா போயிட்டு வந்துக்கிறேன்."

"ஏன், இங்க என்ன குறைச்சல்?"

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் உள்ள வேலை பாக்கிறவன் மாமா. பழைய குட்டையை மூடிட்டாங்க. புதுசா ஒண்ணும் வெட்டல. ஆனா கழிவு தினம் வந்துட்டுதான் இருக்கு. எங்க போகுதுன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். கீழே தரையைக் காட்டிட்டுச் சிரிக்கிறாரு. போர் போட்டு உள்ள இறக்குறாங்கன்னு நினைக்கிறேன்."

ஒரு மனிதன் இவ்வளவு தெளிவாகச் சொன்னால் எதிரில் இருப்பவன் உடனே பெட்டி கட்டச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. என் மீனைக் குறை சொல்கிறார் என்றுதான் பட்டது.

"மாப்பிள்ளை, உங்க வீட்டுத் தொட்டியில ஓடுறது யார் மீன்?"

"உங்க மீன்தான் மாமா."

"ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன? வயித்துப் பிள்ளைக்காரிய மலை மேல ஏத்தி, பஸ்ல குலுக்கி எடுத்துக் கொண்டுபோகணுமா? வழியில ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது?"

அவர் சாப்பிடாமலே ஆலைக்குத் திரும்பினார்.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போகட்டும்ங்க. ரெண்டைப் பறிகொடுத்தவ. எங்கயாவது போய் முழுசா ஒண்ணப் பெத்துட்டு வரட்டும்."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று எரிந்து விழுந்தேன்.

சாயங்காலமே கடையில் இருந்ததிலேயே திடமான ஏழு மீனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனேன். ஏற்கெனவே விட்டிருந்த மீனையெல்லாம் வலையால் எடுத்துவிட்டு இந்த ஏழு மீனையும் விட்டேன். மகள் வாசல்படியில் கையூன்றி உட்கார்ந்து பார்த்தாள். ஏழும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தவிட்டுக்கு மேலே வந்தன.

"இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அவருடைய அக்கா இன்னும் இரண்டு முறை போன் செய்தார். மகள், "இங்கயே தண்ணி நல்லா இருக்கு அண்ணி, அப்பா பார்த்துக்கிறாரு" என்று சொல்லிவிட்டாள். ஐந்தாம் மாதம் அந்த மாடிக்கு வேறொரு குடும்பம் வந்துவிட்டது. கடல் ஏறி வந்து வீட்டை எடுத்துக்கொண்டதால் கடற்கரையிலிருந்து ஓடி வந்தவர்களாம். அவர்களாவது மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களே என்று நான் தமாஷாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது கோடை வந்தது. கோடை என்று பழைய பெயரிலேயே சொல்கிறோம், அதற்கு வேறு பெயர் வைத்தால் தேவலை. காலை எட்டு மணிக்கே தெருவில் செருப்பு ஒட்டும். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. மோட்டார் ஒரு மணி நேரம் கத்தினால் நாலு குடம் வரும். அடியில் இருப்பதுதானே வரும். மகளுக்குக் கால் வீங்கியது, வாயில் புண் வந்தது. வெயில் என்றோம். இந்தக் கோடையில் எதற்கெடுத்தாலும் வெயில் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

அந்த மாதம் ஒரு பல் டாக்டர் தன் வரவேற்பறையில் வைக்கக் கண்ணாடித் தொட்டி கேட்டிருந்தார். என் கெட்டி மீனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆகவே வெளியூரிலிருந்து வாலழகான கப்பி அறுபது வரவழைத்தேன். மூன்று பைகளில் காற்று நிரப்பி வந்தது. ஆரஞ்சு, நீலம், புள்ளி போட்ட மஞ்சள். பழைய நாட்களில் நான் விற்றவை இவைதான். மத்தியானம் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. கடைக்குள் அடுப்பில் உட்கார்ந்தது போல இருந்தது. காற்றுக் குழாய்கள் நின்றுவிட்டன. மீன்கள் வாயைத் திறந்து மேலே வந்துவிட்டன. இன்னும் அரை மணி நேரம் விட்டால் அறுபதும் வெந்துபோகும். எனக்குத் தெரிந்து குளிர்ச்சியான தண்ணீர் தரைத்தொட்டியில்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பது மகள் வீடு. பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லை. மூடியைத் தூக்கினேன். பைகளைச் சிறிது நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூடு சமமான பிறகு, முறைப்படி மெதுவாகத் திறந்து விட்டேன். அறுபதும் நிழலில் இறங்கிப் பளிச்சென்று கலைந்தன. பல் டாக்டர் கொடுத்து வைத்தவர் என்று நினைத்துக்கொண்டு, சாப்பிட வீட்டுக்குப் போனேன்.

சாப்பிட்டுத் திரும்பி வந்து மூடியைத் தூக்கினேன்.

அறுபதும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஆரஞ்சு, நீலம், மஞ்சள். ஒன்றுகூட பாக்கி இல்லை. அவற்றுக்குக் கீழே என் ஏழு மீன்களும் நிதானமாகச் சுற்றிக்கொண்டு, செத்தவற்றின் வால்களைக் கொத்திக்கொண்டிருந்தன.

வெயிலில் வந்த களைப்பு என்று முதலில் மனசு சொல்லிப் பார்த்தது. கையைத் தண்ணீரில் விட்டேன், ஜில்லென்று இருந்தது. காற்று போதவில்லை என்று சொல்லிப் பார்த்தது. அறுபது மீனுக்கு அந்தத் தொட்டி கடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அடைத்துவிட்டது. நான் நாலு வருடம் உட்கார்ந்து என்ன செய்திருக்கிறேன் என்பது அந்த மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில்தான் எனக்கு விளங்கியது. தீ பிடித்தால் அடிக்கிற மணியின் நாக்கை நான் அறுத்து வைத்திருக்கிறேன். அதைப் பலகை எழுதி மாட்டி விற்றிருக்கிறேன். என் மகளுக்கு என் கையாலேயே கொண்டுவந்து மாட்டியிருக்கிறேன்.

அவசர அவசரமாகச் செத்த மீனையெல்லாம் வாளியில் அள்ளி, மேலே செய்தித்தாளைப் போட்டு மூடினேன். அப்போது கதவு திறந்தது. மகள் தூக்கக் கலக்கத்தோடு சொம்பும் டம்ளருமாக வந்தாள்.

"என்னப்பா இந்நேரம்?"

"சும்மாதான். மீன் பாக்க வந்தேன்."

"ஓடுதா?"

நான் அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தேன். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓடுதும்மா" என்றேன்.

அவள் குனிய முடியாமல் குனிந்து சொம்பை விட்டு மொண்டாள். டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். முழு டம்ளரையும் குடித்தாள். நான் இரண்டடி தூரத்தில் நின்று, அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டிவிட ஒரு கை போதும். என் கை வாளிப் பிடியை விடவில்லை. பயந்து போவாள், வயிற்றுப் பிள்ளைக்காரி, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதை நல்லெண்ணம் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அது கோழைத்தனம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "இதை இங்க வந்து எங்கிட்டயா சொல்லிட்டிருக்கீங்க?" என்று கத்திவிட்டுச் செருப்பில்லாமல் தெருவில் ஓடினாள். எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தாள். வந்து என்ன பயன், எங்கள் தொட்டியிலும் அதே தண்ணீர், அதே மீன். உடம்பைக் காட்டிவிட்டு வரலாம் என்று மட்டும் மகளிடம் சொன்னோம். மறுநாள் காலை நாலு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்கேன் அறையில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள். நானும் மாப்பிள்ளையும் வாசலில் நின்றோம். டாக்டரம்மா கதவைத் திறந்து எங்களையும் உள்ளே கூப்பிட்டார்.

"அசைவு எப்பலேர்ந்து இல்ல?" என்று அவர் மகளிடம் கேட்டார்.

"முந்தாநாள் ராத்திரி உதைச்சுது டாக்டர். நேத்துக் காலைலேர்ந்து கொஞ்சம் கம்மி. தூங்குதுன்னு நினைச்சேன்."

துடிப்பு இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். நேற்றுக் காலை என்றதும் என் மனசு ஒரு கேவலமான வேலை செய்தது. அப்படியென்றால் மத்தியானம் குடித்த அந்த டம்ளர் காரணம் இல்லை என்று எண்ணிப் பார்த்தது. ஒரு நொடி மூச்சு வந்தது. அதற்கு முன்னால் குடித்த டம்ளர்களும், அதற்கு முன்னால் கலைந்த இரண்டும் வரிசையாக வந்து நின்றதும், அந்த மூச்சும் போனது.

"நீங்க என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "உங்க பக்கத்துலேர்ந்து வர்றவங்க நிறையப் பேருக்கு இப்படி ஆகுது."

என் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அப்படியே பதில் சொன்னாள்.

"நல்ல தண்ணிதான் டாக்டர். எங்கப்பா மீன் விட்டிருக்காரு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. வெளியூர்க்காரர். என்ன மீன் என்று எங்களைப் பார்த்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பொறுக்கி எடுத்தது, ஜோடி சேர்த்தது, பதினைந்து தலைமுறை, அறுபது மீன், டம்ளர், எல்லாவற்றையும் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் நின்று சொன்னேன். மகள் திரும்பவே இல்லை.

"நேத்தே தெரியுமாப்பா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியும்மா."

குழந்தை பெண். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்து, "கெட்டி மீன்" பலகையைக் கழற்றினேன். வளர்ப்புத் தொட்டிகள் அத்தனையும் கவிழ்த்தேன். மண்ணில் கொட்டியும் அவை லேசில் சாகவில்லை. வெகுநேரம் துள்ளின. வெளியூரிலிருந்து சாதா மீன் வரவழைத்து நிரப்பினேன். வருகிற ஒவ்வொருவரிடமும் என்ன நடந்தது என்று சொன்னேன். பழைய மீனை எடுத்துவிட்டு இதை விடுங்கள், இது செத்தால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்றேன். லாரி டிரைவர் வாங்கிப்போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, செத்த மீன் கிடந்த பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வாங்கியவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் ஆனது. மறுநாள் ஒருவரும் சாதா மீன் வாங்க வரவில்லை.

டீச்சர் வந்தார். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

"பழைய மீனு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"டீச்சர், நான் சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"அது ஏமாத்துற மீன் டீச்சர்."

"தெரியுது." அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினார். "வேற தண்ணி எங்க இருக்குன்னு சொல்லுங்க, கொண்டுவந்துக்கிறேன். வேற ஊர்ல வேலை எங்க இருக்குன்னு சொல்லுங்க, போயிடுறேன். ரெண்டும் இல்ல. காலைல மூடியைத் திறந்தா செத்துக் கிடக்கு. அதைப் பார்த்துட்டுப் பிள்ளைங்களுக்கு எப்படிங்க டம்ளரைக் குடுக்கிறது? ஓடுற மீனாக் குடுங்க. குடுக்கிற கை நடுங்காம இருந்தாப் போதும்."

இல்லை என்று அனுப்பிவிட்டேன். இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் எல்லார் வீட்டுத் தொட்டியிலும் அவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாதம் தவறாமல் குட்டி போடுகின்றன. இப்போது ஒருத்தருக்கொருத்தர் கைமாற்றிக்கொள்கிறார்கள், என்னைத் தேடி வருவதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் இப்போதும் "மீன் ஓடுதா?" என்று கேட்கிறார்கள். "ஓடுது, குடிங்க" என்கிறார்கள். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை ஆலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அக்கா வீட்டு மாடியில் அந்தக் கடற்கரைக் குடும்பம் இருக்கிறது. அந்த மலையிலும் இந்த வருடம் ஊற்று வற்றிவிட்டதாம். என்னோடு அவர் முன்போலவே மரியாதையாகப் பேசுகிறார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகள் இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. போன வாரம் ஒரு சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். உள்ளே வந்து ஒவ்வொரு கண்ணாடித் தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போனாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"ரெண்டு மீன் குடுங்கப்பா."

"எந்த மீன்மா?"

"சாகிற மீன்."

"எதுக்கும்மா? தொட்டியில விட்டா அரை மணி நேரம் தாங்காது."

"தெரியும். அந்த ஏழு மீனையும் எடுத்து வெளில போட்டுட்டேன். வாரத்துக்கு ரெண்டு வேணும்."

"செத்துப் போனா அப்புறம் குடிக்கிறதுக்கு என்னம்மா பண்ணுவே?"

"அதையேதான் குடிப்பேன். வேற எதைக் குடிக்கிறது?" அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "தெரிஞ்சு குடிக்கிறேன்ப்பா. இனிமே யாரும் எனக்கு நல்ல தண்ணின்னு சொல்ல வேணாம்."

வலையை எடுத்தேன். ஒரு ஆரஞ்சு, ஒரு நீலம். பையில் பாதித் தண்ணீர் விட்டு, மீதியைக் காற்றால் நிரப்பி, வழியில் மூச்சுத் திணறாமல் இருக்க நன்றாக உப்பவைத்து, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். அவள் பையை வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.